காரிலிருந்து வீட்டுக்குக் கரண்ட்: கையால் மாற்றுவதா, ஏ.டி.எஸ்.ஸா?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மரம் சாய்ந்தால் போதும், காரைக்குடியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 2018 கஜா புயலில் புதுக்கோட்டைப் பக்கம் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்போது வாசலில் மின்சாரக் கார் நிற்கிறது. அதிலிருந்து கரண்ட் எடுக்க, வீட்டை லைனிலிருந்து காருக்கு மாற்றிவிடும் ஸ்விட்சான சேஞ்ச் ஓவரில் எது நல்லது?

கடைக்காரர் முதலில் காட்டுவது ஏ.டி.எஸ். என்னும் தானியங்கி சேஞ்ச் ஓவர். கரண்ட் போனதும் ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தானே மாறிக்கொள்ளும். ஆனால் கார் ஜெனரேட்டர் இல்லையே. நாம் போய் அடாப்டரைச் சொருகி, வெளியே கரண்ட் தரும் வசதியைப் போட்டால்தான் சப்ளை வரும். எப்படியும் எழுந்து போகிறவர் கைப்பிடியையும் திருப்பிவிடலாம். ஏ.டி.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் பணம் வீண் என்பேன்.

கையால் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். நம் பெரிய வீடுகளில் பெரும்பாலும் மூன்று பேஸ். ஐயோனிக் 5 போன்ற கார் தருவதோ ஒரே பேஸ், 3.6 கிலோவாட், அதாவது 16 ஆம்பியருக்குள். சில எலெக்ட்ரீஷியன்கள் மூன்று பேஸையும் நியூட்ரலையும் மாற்றும் நான்கு போல் சேஞ்ச் ஓவர் வைத்து, கார் பக்கம் மூன்று பேஸையும் ஒன்றாக லூப் அடித்துவிடுவார்கள். மூன்று பேஸ் போர் மோட்டார் அதில் சுற்றாது, உறுமிக்கொண்டே காயில் கருகும். அதனால் வளவு (உள்முற்றம்) விளக்குகள், ஃபேன், ஃப்ரிட்ஜ், வைஃபை இவற்றை மட்டும் தனி டி.பி.யில் (மின் விநியோகப் பெட்டியில்) பிரித்து, அதற்கு இரண்டு போல் சேஞ்ச் ஓவர் போடுங்கள். நியூட்ரலும் சேர்ந்து மாற வேண்டும் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் டிரக்கை வீட்டோடு இணைத்தவர்களுக்கு நியூட்ரலை மாற்றாத ஸ்விட்சால் வந்த தொல்லை இதுதான்: கரண்ட் கசிகிறது என்று எண்ணி வண்டி சப்ளையை நிறுத்திவிடும்.

வீட்டில் நல்ல சைன்வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்விட்சே வேண்டாம். அதன் இன்புட் பிளக்கைக் காரில் மாட்டினால் போதும், பேட்டரியும் ஏறும், விளக்கும் எரியும். ஃப்ரிட்ஜ் அந்த லைனில் இல்லாதவர்களுக்கு மட்டும் இது பற்றாது.

இரண்டு முனையிலும் பிளக் உள்ள ஒயரைக் காரிலிருந்து சுவர் சாக்கெட்டில் சொருகும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கரண்ட் வெளியே லைனுக்குப் போய், கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிர் போய்விடும்.

கேபிள் விஷயம் ஒன்று பாக்கி. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீட்டில் சமையல்கட்டு வரை 50 மீட்டர் கூட ஓட வேண்டியிருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் முழு லோடு போட்டால் ஏறக்குறைய 12 வோல்ட் விழும். 4 சதுர மில்லிமீட்டர் கேட்டு வாங்குங்கள்.