கடற்கரை மணலில் செருப்புத் தடம்: பிளாஸ்டரா, டென்டல் ஸ்டோனா?

குற்ற விசாரணைக்காகத் தடத்தை வார்ப்பெடுக்கச் சட்டென்று கைக்கு வருவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் டென்டல் ஸ்டோனைத் தேடித்தான் வாங்க வேண்டும். இரண்டுமே ஜிப்சத்திலிருந்து வந்தவை. கலக்கும்போது அவை உறிஞ்சும் தண்ணீரின் அளவில்தான் வித்தியாசம். ஒரு கிலோ பிளாஸ்டருக்கு 500 முதல் 600 மி.லி. வேண்டும். டென்டல் ஸ்டோனுக்கு 300 மி.லி. போதும். இறுகியதுபோக மிஞ்சும் தண்ணீர் காய்ந்து, உள்ளே நுண்துளைகளை விட்டுப்போகும். பிளாஸ்டர் வார்ப்பு குச்சி வைத்துக் கட்டியும் உடைவது அதனால்தான். அதில் ஒட்டிய தொண்டிப் பக்கத்துச் சேற்றைப் பிரஷ் போட்டுக் கழுவினால், பதிந்திருக்கும் செருப்பு அடித்தட்டின் வெட்டும் கீறலும் தேய்ந்துவிடும். ஒரே அளவு, ஒரே கம்பெனிச் செருப்புகளில் இது இன்னாருடையது என்று பிரித்துச் சொல்வது அந்தக் கீறல்கள்தானே!

தனுஷ்கோடியின் காய்ந்த பொடிமணலில் கதை வேறு. அங்கே எதை ஊற்றினாலும், ஊற்றும் வேகத்திலேயே தடத்தின் ஓரம் சரியும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அதற்கு முன்பே காற்று அழித்துவிடும். முதலில் நான்கு பக்கமும் மறைப்புக் கட்டி, ஸ்கேல் வைத்து, கேமராவை நேர்மேலே நிறுத்தி, சாய்வான வெளிச்சத்தில் படமெடுக்க வேண்டும். பக்கத்து மணலில் ஒரு பிடி மாதிரியும் எடுத்துவிட்டு, அதன்பின் ஹேர் ஸ்பிரே. தடத்தை நோக்கி அடிக்கக் கூடாது. இரண்டடி உயரத்தில் பக்கவாட்டில் அடித்து, துளிகள் தானாக விழ விடவேண்டும்.

கலவையை ஜிப் பையிலேயே மூன்று நான்கு நிமிடம் பிசைந்து, தோசைமாவுப் பதத்தில், தடத்துக்கு வெளியே ஊற்றி உள்ளே வழியவிடுங்கள். தடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறைக்க வேண்டாம். சுற்றி ஒரு தடுப்பு வைத்து, டென்டல் ஸ்டோன் பொடியைச் சலித்துத் தூவி, மேலே கலவையை ஊற்றலாம். பிளாஸ்டர் இதற்குத் தாங்காது.

இரண்டுக்குமே கடல்தண்ணீர் ஆகாது. உப்பு இறுகும் நேரத்தை மாற்றிவிடும். கலவை மூலைக்குப் போய்ச் சேருமுன்னே கெட்டியாகலாம். குடிதண்ணீர் கேன் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

அரை மணி நேரம் கழித்துத் தூக்கலாம். இறுகுமுன்பே வார்ப்பின் முதுகில் தேதி, வழக்கு எண், திசை கீறிவிடுங்கள். ஒட்டிவரும் மணலைத் தட்டிவிடாதீர்கள், அதுவும் தடயம். இரண்டு நாள் காயும்வரை அட்டைப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். பாலிதீனில் சுற்றினால் ஈரம் வெளியேறாமல் வார்ப்பு நொறுங்கும்.