ஸ்கேனா, முதுகு நீரா, ஒரு ட்யூப் ரத்தமா?

பிள்ளையார் நோன்பன்று கானாடுகாத்தான் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து அப்பத்தா திரிக்கு நூல் எண்ணிக்கொண்டிருந்தார். 21 இழை. பதினாலு வந்ததும் நின்றார், மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாம் முறை நூலை மடியில் போட்டுவிட்டு, "இதை எதுக்குப்பா எண்ணுறேன்?" என்றார். வட்டிக் கணக்கை மனசிலேயே போடும் மனுஷி.

நரம்பு டாக்டர் முதலில் எழுதிக் கொடுத்தது பி12, தைராய்டு. இரண்டில் எது குறைந்தாலும் மறதி வரலாம், மருந்தில் சரியாகவும் செய்யலாம். எங்களுக்கு இரண்டுமே சரியாக இருந்தன. அடுத்த சந்தேகம் அல்சைமர். அதைப் பார்க்க மூன்று வழி.

அமிலாய்டு பெட் ஸ்கேன், அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைப் படமாகவே காட்டிவிடும். ஆனால் ஊசியில் ஏற்றும் ப்ளோரின்-18 கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகக் கரைந்துவிடும். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போகிற நேரம் அது. பெரிய நகரத்துக்கு நாம்தான் போகவேண்டும், அது நம்மைத் தேடி வராது. செலவும் பெரிது.

முதுகில் ஊசி போட்டு எடுக்கும் தண்டுவட நீர், மூளையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீர் என்பதால் நம்பகமானது. அப்பத்தாவுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஓடுகிறது. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

மிச்சம் ரத்தம். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே காவல் உண்டு. அதைத் தாண்டி ரத்தத்துக்கு வரும் புரதம் துளியூண்டுதான். அதை அளக்கும் கருவிகள் தேறி வரவே இத்தனை வருஷம் ஆனது.

ரத்தத்தில் எந்தப் புரதத்தை அளப்பது என்பதிலும் போட்டி உண்டு. அமிலாய்டு 42/40, அதாவது அமிலாய்டின் இரண்டு வகைகளின் விகிதம்: 42 வகை மூளைப் படிவில் சிக்கிக்கொள்வதால் விகிதம் இறங்கும். ஆனால் ரத்தத்தில் இறக்கம் பத்து, பதினைந்து சதவீதம்தான். போதாததற்கு இந்தப் புரதம் ட்யூப் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கையாள்வதில் சின்னப் பிசகு போதும், முடிவு புரண்டுவிடும். நியூரோபிலமென்ட் என்ற புரதம் நரம்பு தேய்கிறது என்று சொல்லும், எந்த நோயால் என்று சொல்லாது. டாவ் என்ற புரதத்தின் ஒரு வடிவமான பி-டாவ்217 அப்படியில்லை: அமிலாய்டு படிந்தவர்களிடம் மடங்குக் கணக்கில் ஏறுகிறது. பி-டாவ்181 இதற்கு அண்ணன், கூர்மை கம்மி. என் ஓட்டு 217-க்குத்தான்.

2025 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எப்.டி.ஏ. அனுமதித்ததும் பி-டாவ்217-ஐ அமிலாய்டு 42-ஓடு சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத்தான். 499 பேரின் ரத்தத்தில் பார்த்தார்கள். 'அமிலாய்டு உண்டு' என்று வந்தவர்களில் 91.7 சதவீதம் பேருக்கு ஸ்கேனோ தண்டுவட நீரோ அதையே சொன்னது. 'இல்லை' என்று வந்தவர்களில் 97.3. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இரண்டுமில்லாத நடுவாந்திரம். அவர்களுக்கு மறுபடி பழைய வழிதான். கிட்னி பழுதானாலும் பி-டாவ் ஏறும். கிட்னி நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அப்பத்தாவுக்குக் கூடுதல், ஆகவே வரும் எண்ணை டாக்டர் அதையும் கணக்கில் வைத்துத்தான் படிக்கவேண்டும்.

"எனக்கும் எடுத்துப் பாத்துரட்டா?" என்று போனில் கேட்டார் என் ஆச்சி, அதாவது அக்கா. அவருக்கு வயது 52, மறதி எதுவுமில்லை. அந்த அனுமதி 55 வயதும் அதற்கு மேலும் ஆன, அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். அறிகுறியில்லாதவருக்கு 'உண்டு' என்று வந்தால் மறதி எப்போது வரும் என்று அது சொல்லாது. 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெகானிமாப் என்ற அல்சைமர் மருந்தும் ஆரம்ப அறிகுறி வந்தவர்களுக்குத்தான். அதுவும் சரிவை மெதுவாக்கும், நிறுத்தாது. வேண்டாம் என்றேன்.

கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். ராத்திரி மறுபடி கூப்பிட்டு, "பி12 மட்டுமாச்சும் பாக்கலாமில்ல?" என்றார். அதைப் பாருங்க ஆச்சி, என்றேன்.