எண்ணிப் பார்க்கும் பழக்கம்: குறும்படங்களோடு ஏழு வருடம்

என் கணினியில் 'பார்க்கணும்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. 2018-ல் ஆரம்பித்தது. மோஷன் கிராஃபிக்ஸ் (எழுத்தையும் வடிவங்களையும் அசையவிடும் வீடியோ), படங்களின் டைட்டில் கார்டுகள், மூன்று நான்கு நிமிட அனிமேஷன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதில் போட்டு வைப்பேன், ஒன்றரை வருடத்தில் நானூறைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் நான் செய்த வேலைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்றில்கூட அந்த நானூறின் வாடை இல்லை. ராத்திரி ஒரு மணி வரை பார்த்து மயங்குவேன், காலையில் உட்கார்ந்து நகைக்கடை விளம்பரத்துக்கு எழுத்தை இடமிருந்து வலமாக ஓடவிடுவேன். அவ்வளவுதான்.

அப்போது கூட வேலை பார்த்த ஒரு எடிட்டர் அண்ணனிடம் ஒரு வீடியோவைக் காட்டி "எப்படி வந்து நிக்குது பாருங்கண்ணா" என்றேன். அவர் பார்த்துவிட்டு, "சூப்பர்தான் தம்பி, நிக்கிறதுக்கு எத்தனை ஃப்ரேம் எடுக்குது?" என்றார். வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள்தான், அதில் ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். அந்த வீடியோவை அதற்குள் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பதில் தெரியவில்லை.

அன்றிலிருந்துதான் இந்தப் பழக்கம். தேவைப்படுவது எம்பிவி என்ற இலவச பிளேயரும் ஒரு நோட்டும். வீடியோவை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளிக்கான பொத்தானை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் முன்னால் போகும், காற்புள்ளியை அழுத்தினால் ஒன்று பின்னால் வரும். யூடியூபிலும் இதே இரண்டு பொத்தான்கள்தான். எது எந்த ஃப்ரேமில் கிளம்பியது, எதில் நின்றது, நின்ற பிறகு கொஞ்சம் தாண்டிப்போய்த் திரும்பியதா என்று எழுதி வைப்பேன். நாலு நோட்டு முடிந்துவிட்டது.

இந்த வழியில் எனக்கு அதிகம் கொடுத்தது அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1977-ல் எடுத்த 'பவர்ஸ் ஆஃப் டென்'. ஒன்பது நிமிடம். சிகாகோவில் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றில் பாய் விரித்துப் படுத்திருப்பவரில் தொடங்கி கேமரா மேலே போகும், பத்து நொடிக்கு ஒருமுறை தூரம் பத்து மடங்காகும், பூமி, சூரிய மண்டலம், பால்வீதி எல்லாம் தாண்டிப்போய்த் திரும்பி வந்து அவர் கைக்குள்ளேயே நுழைந்து அணுவின் கருவரை இறங்கும். பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவதுபோல எனக்கும் இதேபோல ஒன்று செய்ய ஆசை வந்தது. ஒரு ரியல் எஸ்டேட் விளம்பரத்துக்கு மனையிலிருந்து ஊர் முழுவதும் தெரிகிற மாதிரி ஜூம். ஆரம்பத்தில் ஒரு கீஃப்ரேம் (இந்த நேரத்தில் இந்த அளவு என்று மென்பொருளுக்குக் குறித்துக் கொடுப்பது), கடைசியில் ஒன்று, நடுவில் ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் ராக்கெட் மாதிரி பாய்கிறது, மறுபக்கம் மாட்டுவண்டி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஈஸிங்கை எவ்வளவு இழுத்தாலும் சரியாகவில்லை, இரண்டு நாள் போனது.

நோட்டில் கணக்குப் போட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. படத்தின் அளவு 100 சதவீதத்திலிருந்து 1000-க்குப் பத்து நொடியில் நேர்கோட்டில் போனால் ஒவ்வொரு நொடிக்கும் 90 கூடுகிறது. முதல் நொடியில் 100 என்பது 190 ஆகிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கடைசி நொடியில் 910 என்பது 1000 ஆகிறது, பத்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. நம் கண் கூட்டலைப் பார்ப்பதில்லை, பெருக்கலைத்தான் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு நொடியும் சுமார் 1.26 மடங்கு பெருகினால்தான் சீராகப் போவதாகத் தெரியும். படத்தின் பெயரிலேயே இது இருக்கிறது, பத்தின் அடுக்குகள்! பத்துத் தடவை பார்த்தும் உறைக்கவில்லை.

இரண்டாவது, கனடாவின் நேஷனல் ஃபிலிம் போர்டில் நார்மன் மெக்லாரன் எடுத்த படங்கள். அந்த நிறுவனம் தன் தளத்திலேயே இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. 1968-ல் வந்த 'பா த தூ'வில் ஒரு ஆணும் பெண்ணும் கறுப்புப் பின்னணியில் பாலே ஆடுகிறார்கள், உடம்பின் விளிம்பில் மட்டும் வெளிச்சம். ஒரே ஃப்ரேமைச் சில ஃப்ரேம் தள்ளித் தள்ளிப் பல முறை, சில இடங்களில் பதினோரு முறை வரை பதித்திருக்கிறார், அதனால் ஒரு கை தூக்கினால் கைகளாலான ஒரு விசிறியே விரிகிறது. கணினி இல்லை, ஒரு ஃபிலிமிலிருந்து இன்னொன்றுக்குப் படம் பிடித்துப் பதிக்கும் ஆப்டிகல் பிரிண்டர்தான். இதைப் பார்த்துவிட்டு ஒரு ஜவுளிக்கடைக்காகப் பறக்கும் முந்தானையை ஐந்து லேயராக்கி ஒவ்வொன்றையும் மூன்று ஃப்ரேம் தாமதமாக ஓடவிட்டேன். நான் செய்ததில் க்ளையண்ட் ஒரு திருத்தம்கூடச் சொல்லாத ஒரே வேலை அது.

அப்புறம் 'டூஸ்'. நொடிக்கு 24 ஃப்ரேம் என்றாலும் கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து 12 படத்திலேயே ஒரு நொடியை ஓட்டிவிடுவார்கள். கார்த்திகைக்கு ஒரு அகல்விளக்குச் சுடரை எட்டே படத்தில் அப்படி வரைந்து லூப் போட்டேன். 24-லும் மழமழவென்று போன முந்தைய சுடர் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, இது எண்ணெய் விளக்கு மாதிரி துடித்தது.

பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளின் ஆட்கள் 'பிக் பக் பன்னி' என்ற அனிமேஷன் குறும்படத்தை 2008-ல் வெளியிட்டபோது படத்தோடு அதைச் செய்த கோப்புகளையும் கொடுத்தார்கள். முப்பரிமாணம் கற்கிறவர்கள் அதைத் திறந்து பார்க்கலாம். எனக்கு அது துறை இல்லை, ஒருமுறை திறந்தேன், மூடிவிட்டேன்.

இனி ஒத்துவராதவை. வெளிநாட்டுக் கைனெட்டிக் டைப்போகிராஃபி வீடியோக்களை, அதாவது சொற்களையே ஆடவிடும் வீடியோக்களை, நான் ஏகத்துக்கும் சேர்த்திருந்தேன், தமிழுக்கு அதில் முக்கால்வாசி ஆகாது. ஆங்கில எழுத்துகள் தனித்தனியாக நிற்பவை, ஒவ்வொன்றாகக் குதிக்க வைக்கலாம். 'கொண்' என்பதை மென்பொருள் எழுத்தெழுத்தாகப் பிரிக்கப்போனால் கொம்பு ஒரு பக்கம் குதிக்கிறது, கால் ஒரு பக்கம் ஓடுகிறது, புள்ளி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. எழுத்தை வடிவமாக மாற்றிக் கையால் குழு சேர்ப்பதுதான் இன்றுவரை என் வழி. அதோடு நம் சொற்கள் நீளம். அங்கே ஒரு சொல்லுக்கு எட்டு ஃப்ரேம் போதும் என்றால் 'கொண்டாடுங்கள்' படிக்க இருபதாவது வேண்டும். இந்தக் கணக்கை எந்த வீடியோவும் சொல்லித் தராது.

ரீல்ஸில் சுற்றும் 'இன்ஸ்பிரேஷன்' துண்டுகளை எண்ணவே எண்ணாதீர்கள். 24 ஃப்ரேமில் செய்ததை யாரோ 30-க்கு மாற்றி ஏற்றியிருப்பார்கள், ஐந்தில் ஒரு ஃப்ரேம் முந்தையதன் நகலாக இருக்கும். அசலிலேயே அப்படி ஒரு தயக்கம் வைத்திருக்கிறார்கள், என்ன நுணுக்கம் என்று நான் ஒரு வாரம் வியந்திருக்கிறேன்.

வீட்டில் என்னோடு உட்கார்ந்து யாரும் படம் பார்ப்பதில்லை, அது ஒரு பக்கவிளைவு. ஃபோல்டரில் இப்போது முப்பத்தொன்றுதான் மீதி.

தொடங்குகிறவர்களுக்கு மெக்லாரனின் 'நெய்பர்ஸ்' சரியாக இருக்கும். 1952-ல் எடுத்தது, எட்டு நிமிடம், இரண்டு வீட்டுக்கும் நடுவில் பூத்த ஒரு பூவுக்காக இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்வது. அதில் மனிதர்கள் புல்தரையில் கால்படாமல் மிதந்து போவார்கள். நடிகர் திரும்பத் திரும்பக் குதிக்க, அவர் உச்சியில் இருக்கும் நேரத்தில் மட்டும் ஒரு ஃப்ரேம் எடுத்திருக்கிறார்கள். மொத்தம் எத்தனை தடவை குதித்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள், நான் பாதியில் விட்டுவிட்டேன்.