தசைநாண் வலிக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசியா, மெதுவான பளுவா?

ஜிம்மில் “நரம்பு இழுத்துக்கிச்சு” என்கிறார்களே, அது பெரும்பாலும் நரம்பே அல்ல. தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். முழங்காற்சில்லுக்குக் கீழே மாதக்கணக்கில் வலி நீடித்தால் இரண்டு யோசனைகள் காதில் விழும். ஒன்று, வளர்ச்சி ஹார்மோன் ஊசி. மற்றது, கனமான எடையை நிதானமாகத் தூக்குவது.

ஊசிக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை. டென்மார்க்கில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான 10 இளைஞர்களுக்கு 14 நாள் இந்த ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொலாஜன் என்பது தசைநாணுக்கு உறுதி தரும் நார்ப்புரதம். தசைநாணில் அதை உருவாக்கச் சொல்லும் கட்டளையான எம்ஆர்என்ஏ 3.9 மடங்கானது, உருவான கொலாஜனோ 1.3 மடங்குதான். ஆர்டர் குவிந்த அளவுக்குச் சரக்கு இறங்கவில்லை. தசைக்குள் இருக்கும் கொலாஜன் உற்பத்தி 5.8 மடங்கு ஏறியது. ஆனால் சுருங்கி விரியும் தசைப்புரதம் அசையவே இல்லை. ‘தசை ஏறும்’ என்று ஊசி போடுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

உருவாகும் கொலாஜன் எங்கே போய்ச் சேர்கிறது என்பது அடுத்த சிக்கல். 1950-60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை வைத்துக் குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டபோது, அதன் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதுக்குப் பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. ஹார்மோன் உடம்பு முழுக்கப் பரவும். எந்த இழை, எந்தத் திசை என்று அதற்குத் தெரியாது. உடம்பில் நீர் கோத்து வீங்குவது, மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கை மரப்பது, சர்க்கரை ஏறுவது எல்லாம் கூடவே வரும். விளையாட்டு வீரர்களுக்குப் போட்டி இல்லாத நாளிலும் இது தடை செய்யப்பட்ட மருந்து.

பளுவுக்கு அந்தத் திசை தெரியும். சோதித்துப் பார்த்த முறை இது: ஸ்குவாட், லெக் பிரஸ், ஹேக் ஸ்குவாட் என மூன்று கால் பயிற்சிகள், ஒவ்வொன்றிலும் 4 செட், வாரம் 3 நாள், 12 வாரம். முதல் வாரம் 15 தடவை மட்டுமே தூக்க முடிகிற எடை. படிப்படியாக ஏற்றி, கடைசி வாரங்களில் 6 தடவைக்கு மேல் முடியாத எடை. இறங்க 3 விநாடி, ஏற 3 விநாடி. பலரும் கோட்டை விடுவது இந்த வேகத்தில்தான். அடுத்த தவறு, தினமும் செய்வது. பயிற்சி முடிந்த முதல் 24-36 மணி நேரம் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். அதற்குள் மறுபடி எடை தூக்கினால் நஷ்டக் கணக்குதான்.

இந்த வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவதும் உண்டு. 2009-ல் அதையும் மெதுவான பளுவையும் இன்னொரு பயிற்சியையும் ஒப்பிட்டபோது 12-ஆம் வாரத்தில் அதுவும் நன்றாகவே தெரிந்தது. அரை வருடத்தில் ஊசி போட்டவர்களுக்கு வலி திரும்பிவிட்டது, பளு தூக்கியவர்களுக்கு முன்னேற்றம் நிலைத்தது.

பயிற்சியின்போது ஓரளவு வலிக்கலாம். மறுநாள் காலை ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்போது நேற்றைவிட அதிகமாக வலித்தால் எடையைக் குறையுங்கள். அந்த 6 விநாடியைக் குறைக்காதீர்கள்.