பழைய டிஎக்ஸுக்குள் எந்த எஞ்சின்?

கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தால் கை சும்மா இருக்காது. ஜப்பானில் இருந்து வந்த எஞ்சின்கள் கடைவாசலில் கிடக்கும். கூட வந்தவன், என் பழைய டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகனை நினைத்து, "மச்சான், 1ஜேஇசட் கிடக்குது, உன்ட டிஎக்ஸுக்குப் போடுவமா?" என்பான். போடலாம். டொயோட்டாவின் 2.5 லீற்றர், ஆறு சிலிண்டர், டர்போவோடு 280 குதிரைவலு. ஆனால் அந்த இரும்புப் பாரத்தை மூக்கில் சுமந்துகொண்டு கார் வளைவில் திரும்புமா என்பதை அவன் யோசித்திருக்க மாட்டான்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் பழையபடி திறந்தது. அந்த இடைவெளியில் கொரோலா கேஈ70 செடானுக்கும், நாம் டிஎக்ஸ் என்கிற வேகனுக்கும் வந்த மவுசு இன்னும் இறங்கவில்லை. பின்சில்லு இழுவை, குறைந்த எடை, பொனட்டுக்குள் தாராள இடம். உள்ளே இருக்கும் 1290 சிசி 4கே எஞ்சின் சாகாது, ஆனால் ஓடவும் மாட்டாது.

பெரும்பாலானோர் ஆசைப்படுவது டொயோட்டாவின் 4ஏ-ஜிஈ எஞ்சினில் 'பிளாக்டொப்' என்கிற 20 வால்வு வகை. 1587 சிசியில் 165 குதிரைவலு, சிலிண்டருக்கு ஐந்து வால்வு, நாலு தனித்தனித் திரொட்டில். அந்தச் சத்தத்தைக் கேட்டவன் பிறகு விலை பேச மாட்டான், கேட்ட காசைக் கொடுத்துவிடுவான். சிக்கல் என்னவென்றால், அது முன்சில்லு இழுவைக்காகக் குறுக்கே வைத்துச் செய்த எஞ்சின். டிஎக்ஸில் நெடுக்காகத் திருப்பி வைத்தால் சிலிண்டர் தலையின் பின்பக்கத்தில் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினுக்கும் ஆட்களுக்கும் இடையிலான தகட்டில், அதாவது ஃபயர்வோலில் முட்டும். ஒன்றில் தகட்டை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டரையே தூக்கிவிட்டு எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவை வேறாகப் போடவேண்டும். தண்ணீர்க் குழாய்களையும் மாற்றி ஓட்டவேண்டும். இவ்வளவும் செய்தபின் அந்த 165 கிடைப்பது 7800 ஆர்பிஎம்மில். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் 7800ஐ எங்கே தொடுவது? இன்னொன்று, அதன் அமுக்க விகிதம் 11, அதற்கு ஒக்டேன் கூடிய பெற்றோல் வேண்டும். ஜப்பானில் பிரீமியம் பெற்றோல் 100 ஒக்டேன், நமக்கு வழக்கமாகக் கிடைப்பது 92உம் 95உம். சித்திரை வெயிலில், நெரிசலில், 92 அடித்துவிட்டு அது தட்டுகிறது என்று முறையிட வேண்டாம்.

அதே குடும்பத்தில் அண்ணன், பழைய கொரோலா ஏஈ86 காரின் 16 வால்வு 4ஏ-ஜிஈ. 130 குதிரைவலுதான், ஆனால் அமுக்கம் 9.4, பிறந்ததே பின்சில்லு இழுவைக்கு. டி50 கியர்பொக்ஸோடு அப்படியே வரும், டிஸ்ட்ரிபியூட்டருக்காக ஒரு தகட்டையும் வெட்டத் தேவையில்லை. தினமும் வேலைக்குப் போகிற டிஎக்ஸுக்கு என் வாக்கு இதற்குத்தான். நல்ல நிலையில் ஒன்று அகப்படுவதுதான் பாடு.

பணமும் பொறுமையும் உள்ளவருக்கு டொயோட்டா அல்டெஸாவின் 3எஸ்-ஜிஈ: இரண்டு லீற்றர், 210 குதிரைவலு, ஆறு கியர், நெடுக்காகவே வைத்த எஞ்சின். இதை 'ஹாஃப் கட்'டாக, அதாவது எஞ்சினும் வயரிங்கும் சேர்ந்த முன்பாதிக் காராக மட்டும் வாங்குங்கள். நண்பன் ஒருவன் ஒரு கடையில் எஞ்சினை மட்டும் வாங்கினான். வயரிங்கை வெட்டியெடுத்தவன் கத்தரிக்காய் நறுக்குவதுபோல நறுக்கியிருந்தான். மெக்கானிக் பாஸ் அதை ஒட்டி முடிக்க மூன்று வாரம் போனது.

நிசானின் எஸ்ஆர்20 டர்போவை இங்கே சேர்க்கக் காரணம் மலை. நுவரெலியா கடல்மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 165 காட்டும் பிளாக்டொப், அங்குள்ள மஹகஸ்தொட்ட கார் மலையேற்றப் போட்டியில் 135 அளவில்தான் நிற்கும். டர்போ அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். அலுமினியப் பிளொக் என்பதால் மூக்கும் அவ்வளவு கனக்காது. ஆனால் மருதானை நெரிசலில் அந்தச் சூட்டுக்குப் பெரிய றேடியேற்றர் இல்லாமல் சரிவராது.

முன்சில்லு இழுவைக்காரருக்கு, அதாவது ஹொண்டா ஈகே சிவிக் வைத்திருப்பவருக்கு, கேள்வி சுலபம். பி16 அதே உடலுக்குள் ஹொண்டாவே போட்ட எஞ்சின், மவுண்ட் எல்லாம் கடையிலேயே கிடைக்கும். ஹொண்டாவின் கே20 சுழல்வதே மறுதிசையில். மவுண்ட், ஷாஃப்ட், வயரிங் எல்லாம் புதிதாக வேண்டும். 220 குதிரைவலு என்பது உண்மைதான், ஆனால் ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி இல்லாமல் அந்த முன்சில்லுகள் ரயரைப் புகைக்கத்தான் உதவும். சறுக்காமல் ஓட விரும்புகிறவருக்கு பி16 போதும்.

எதைப் போட்டாலும் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சீஆரில், அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழில் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் மாட்டுவீர்கள்.

என் டிஎக்ஸ் இப்போது கொட்டாஞ்சேனை கராஜில் நிற்கிறது. உள்ளே இன்னும் அதே 4கேதான். போன மாதச் சம்பளத்தில் பெரிய முன் பிரேக் டிஸ்க்குகளும் கலிப்பர்களும் வாங்கியாயிற்று; எஞ்சின், காசு சேர்ந்த பிறகு.