லேப்டாப்புக்கு மொபைல் நெட்: ஹாட்ஸ்பாட்டா, கேபிளா, டாங்கிளா?

எங்க தெருமுனை வரைக்கும் வந்த ஃபைபர் அங்கயே நின்னுடுச்சு, அதனால ஒரு வருஷமா என் லேப்டாப்புக்கு மொபைல் டேட்டாதான் சோறு போடுது. மூணு வழியிலயும் ஓட்டிப் பாத்தாச்சு. எதுல ஸ்பீடு ஜாஸ்தின்னுதான் எல்லாரும் கேக்கறாங்க, ஆனா ஒரு நாளைக்கு 2 ஜிபி பேக் போட்டு வண்டி ஓட்டறவனுக்கு எது எவ்ளோ தின்னுச்சுன்னு கண்ணுக்குத் தெரியணும், ஸ்பீடெல்லாம் அதுக்கப்புறம்.

ஹாட்ஸ்பாட் சோம்பேறிக்கு ஏத்தது. போன்ல ஒரு தட்டு, லேப்டாப்ல ஒரு தட்டு, முடிஞ்சுது. போன் சூடாகும், பேட்டரி இறங்கும், அது தெரிஞ்ச கதைதான். ஆனா விண்டோஸ்ல அந்த வைஃபையோட ப்ராப்பர்டீஸ்ல போயி ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’னு (இது அளவா செலவு பண்ண வேண்டிய நெட்னு லேப்டாப்புக்குச் சொல்ற செட்டிங்) ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணலேன்னா லேப்டாப் இத வீட்டு பிராட்பேண்டுன்னு நெனச்சு அப்டேட்ட இறக்க ஆரம்பிச்சுடும். நான் ஆன் பண்ணித்தான் வெச்சிருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் பாஸ்வேர்ட கண்டுபிடிச்சுட்டான்னு பாஸ்வேர்டோட சேத்து ஹாட்ஸ்பாட் பேரையும் மாத்தினேன் பாருங்க, அங்கதான் வினை. மீட்டர்ட் செட்டிங் ஒவ்வொரு நெட்வொர்க் பேருக்கும் தனித்தனி, புதுப் பேருக்கு அது ஆஃப். மறுநாள் காலைல ஒன்பதரைக்கெல்லாம் 2 ஜிபி காலி, ஸ்பீடு 64 கேபிபிஎஸ்க்கு இறங்கிருச்சு. அதாவது செகண்டுக்கு 8 கேபி, 3 எம்பி பிடிஎஃப் ஒண்ணு இறங்க ஆறு நிமிஷத்துக்கு மேல. தப்பு என்னோடதுதான், யாரத் திட்ட?

யூஎஸ்பி டெதரிங், அதாவது போன் நெட்ட கேபிள் வழியா லேப்டாப்புக்குக் குடுக்கறது, அதுதான் இப்ப என் கட்சி. லைன் நிலையா இருக்கும், போனும் சார்ஜ் ஏறிட்டே இருக்கும். முதல் நாள் மட்டும் போன்ல டெதரிங் பட்டன் மங்கலாவே இருந்து உயிர வாங்குச்சு, கடைசில பாத்தா கேபிள் சார்ஜ் மட்டும் ஏத்துற வகை, டேட்டா போற கேபிள மாத்தினதும் வந்துடுச்சு. விண்டோஸ் இத ஈதர்நெட்னு காட்டும், அங்கயும் மீட்டர்ட தனியா ஆன் பண்ணணும். ஒரே கஷ்டம், கேபிள உருவினா டெதரிங் ஆஃப் ஆயிடும், திரும்பச் சொருகி மறுபடி ஆன் பண்ணணும். சிக்னல் எங்க வீட்ல ஜன்னல் ஓரம்தான், அதனால நீள கேபிள் வாங்கி போன ஜன்னல் திட்டுல வெச்சுட்டேன்.

டாங்கிள்ங்கறது சிம் போட்டு லேப்டாப்போட யூஎஸ்பில சொருகற குட்டி நெட் கருவி. அதுக்குத் தனி சிம், தனி ரீசார்ஜ், ஆனா யாராவது போன எடுத்துட்டு வெளிய கெளம்பினாலும் நெட் போகாது. ஹுவாவே ஹைலிங்க் மாதிரி டாங்கிள்னா பிரவுசர்ல 192.168.8.1 போட்டா சிக்னல், எவ்ளோ எம்பி போச்சு எல்லாம் அங்கயே தெரியும். அலமாரில கெடக்கற பழைய 3ஜி டாங்கிள்ல ஜியோ சிம்ம போட்டு முயற்சி பண்ணாதீங்க, ஜியோல 3ஜியே கிடையாது.

இனி கணக்கு. விண்டோஸ் செட்டிங்ஸ்ல டேட்டா யூசேஜ் போனா எந்த ஆப் எவ்ளோ இழுத்துச்சுன்னு கடைசி 30 நாளுக்குக் காட்டும், லிமிட்டும் போடலாம், ஆனா அது எச்சரிக்கைதான், லைன கட் பண்ணாது. ஆண்ட்ராய்டுல டேட்டா லிமிட் போட்டா மொபைல் டேட்டாவையே நிறுத்திடும், அதனால பூட்டு போடறதுக்கு போன்தான் சரியான இடம். ஆனா போன்ல லேப்டாப் தின்னது மொத்தமும் ஹாட்ஸ்பாட் டெதரிங்னு ஒரே வரியாதான் வரும், உள்ள யாரு திருடன்னு தெரியாது.

லினக்ஸ்காரங்களுக்கு விஎன்ஸ்டாட்னு (vnstat) டேட்டா கணக்கு வெக்கற ஒரு புரோகிராம் இருக்கு. போற வர்ற டேட்டாவ எல்லாம் மோப்பம் பிடிக்காம கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வெச்சிருக்கற எண்ணிக்கைய மட்டும் படிக்கும், அதனால மெஷினுக்கு பாரமே இல்ல, கமாண்டோட மைனஸ் டி (-d) போட்டா நாள்வாரியா கணக்கு வரும். ஆப் வாரியா வேணும்னா நெட்ஹாக்ஸ்னு (nethogs) இன்னொரு புரோகிராம், அது அந்த நேரத்து ஓட்டத்தக் காட்டும், சூடோ (அட்மின் அனுமதி) கேக்கும். ஒரு விஷயம், விஎன்ஸ்டாட் 1024 கணக்குல ஜிஐபி (GiB, ஜிபியவிட கொஞ்சம் பெரிய அளவு) காட்டும், அதுல 1.86னு வந்தாலே 1000 கணக்குல 2 ஜிபி ஆயிடுச்சு, இது புரியாம ரெண்டு நாள் கஸ்டமர் கேர்ல சண்ட போட்டேன்.

இப்ப ராத்திரி பதினொன்றைக்கு ஒரு தடவ பாப்பேன், பேக்ல மிச்சம் கெடந்தா மீட்டர்ட ஆஃப் பண்ணி அப்டேட்ட அவுத்து விட்டுடுவேன், பன்னெண்டுக்குள்ள எவ்ளோ இறங்குதோ அவ்ளோ.