பதின்மூன்று ஆண்டுக் கேமராவும் சொல்பேச்சுக் கேட்காத டயலும்

என் டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) புதிய ஷட்டர், அதாவது ஒளியை அளவாக உள்ளே விடும் திரை, பொருத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன. அதே மாடலை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "ஷட்டரே மாற்றிவிட்டீர்கள், இனி பத்து ஆண்டுகளுக்குக் கவலையில்லை அல்லவா? என்னுடையதையும் பழுதுபார்க்கக் கொடுக்கட்டுமா, இல்லை புதிதாக வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2012ஆம் ஆண்டிலிருந்து என் தோளில் தொங்கிய பொருளைப் பற்றி ஒற்றை வரியில் தீர்ப்புச் சொன்னால் அது கேமராவுக்கும் நியாயமாகாது, அவருக்கும் பயன்படாது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஷட்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். ஷட்டருக்கு ஆயுள் ஒரு லட்சம் முறை என்பது, சோதனையில் ஷட்டர் தாங்கியதாகத் தயாரிப்பாளர் குறிப்பிடும் எண் மட்டுமே. அதுவரை கட்டாயம் ஓடும் என்றோ, அதைத் தொட்டதும் நின்றுவிடும் என்றோ அதற்குப் பொருள் இல்லை. என் கேமராவில் 1,38,000 படங்களைக் கடந்த பிறகுதான் முதல் அறிகுறி தென்பட்டது. நல்ல வெயிலில் 1/4000 நொடியில் எடுத்த படங்களில் மேல் ஓரம் மட்டும் கறுத்து வந்தது. அதே இடத்தை 1/250 நொடியில் எடுத்தபோது குறை எதுவும் இல்லை. வேகம் கூடக் கூட ஷட்டரின் இரு திரைகளுக்கும் நடுவிலுள்ள பிளவு குறுகிக்கொண்டே போவதால், ஒரு திரை மிகச் சிறிதளவு பிசகினாலும் அது அங்கேதான் முதலில் வெளிப்படும். பழைய கேமராவைச் சோதிக்க விரும்புகிறவர்கள் வெளிச்சம் பட்ட வெள்ளைச் சுவரை மிக உயர்ந்த வேகத்தில் ஐந்தாறு முறை எடுத்துப் பார்க்கட்டும். ஷட்டர் எண்ணிக்கையைத் தேடி அலைவதைவிட அந்தப் படங்கள் அதிகம் சொல்லும்.

இனி இந்தக் கேமராவைப் பற்றி நான் மனமாரச் சொல்ல விரும்பும் நல்லவை. 1.6 கோடி படப்புள்ளிகள் என்பது இன்றைய விளம்பரங்களுக்குப் பக்கத்தில் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில் 16க்கு 11 அங்குலத்தில் அச்சிட அது போதும், அதைவிடப் பெரிதாக நான் அச்சிட்டதும் அரிது. ஒளியுணர் திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 3200க்கு மேல் போனால் நிழல் பகுதிகளில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய இரைச்சல் நீக்கும் மென்பொருள்களில் பத்தாண்டுக்கு முன் எடுத்து ஒதுக்கிய ரா கோப்புகளை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை) திறந்து பார்த்தபோது, கைவிட்ட பல படங்கள் மீண்டும் உயிர்பெற்றன. அந்த மகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவே இல்லை. தகவலைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் மட்டும் சேமித்த ஆண்டுகளை நினைத்து இப்போது வருந்துகிறேன்.

வியூஃபைண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கண்ணை வைத்ததும் அதில் தெரிவது திரையில் உருவாக்கிய காட்சி அல்ல, லென்ஸ் வழியே வரும் அதே ஒளி. அதற்கு மின்சாரம் ஏறக்குறைய தேவைப்படுவதில்லை என்பதால் ஒருமுறை சார்ஜ் செய்தால் 800 படங்கள் வரை எடுத்திருக்கிறேன். பேட்டரி தேய்ந்து 300 படங்களிலேயே அணைந்த காலத்தில், கேமராவின் ஆயுளே முடிகிறது என்று தவறாக எண்ணியிருந்தேன். புதிய பேட்டரி போட்டதும் பழைய கணக்கு திரும்பி வந்தது. கட்டைவிரல் படும் இடத்தில் ரப்பர் உப்பிப் பிரிந்ததையும், பேட்டரியைக் கழற்றி ஒரு வாரம் வைத்தால் தேதியை மறந்துவிடுவதையும் நான் குறைகளாகவே எண்ணவில்லை. முதலாவதற்குப் பசை போதும். இரண்டாவது, உள்ளே இருக்கும் சிறு மின்கலம் மூப்படைந்ததன் விளைவு.

என் பொறுமையைச் சோதித்தது டயல். அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி புகும் திறப்பை (எண் சிறிதானால் திறப்பு பெரிது), மாற்றுவதற்காக விரலால் சுழற்றும் அந்தச் சிறிய சக்கரம் ஒன்பது ஆண்டுகள் ஒரு முறைகூடத் தவறாமல் இயங்கியது; அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதன் பிறகு, வலப்புறம் மூன்று சொடுக்குகள் திருப்பினால் எண் இரண்டு படி ஏறி ஒரு படி இறங்கத் தொடங்கியது. சில நாட்களில் அசையவே அசையாது. சில நாட்களில் எதிர்த்திசையில் ஓடும். சக்கரத்துக்கு அடியில் இருக்கும் மெல்லிய உலோகத் தொடுமுனைகளில் தூசியும் களிம்பும் படியும்போது, எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பதைக் கேமராவால் சரியாக உணர முடிவதில்லை. பல ஆண்டுகள் உழைத்த கேமராக்களில் இது அரிய கோளாறு அல்ல.

ஒரு விடியற்காலையில் நீர்க்கரையோரம் மீன்கொத்தி ஒன்றுக்காகக் காத்திருந்தேன். அபர்ச்சர் 8, அதற்கேற்பக் கேமராவே அமைத்த வேகம் 1/1000 நொடி. அது பாயப்போகிறது என்று தெரிந்ததும் 5.6க்குத் திறப்பதற்காகக் கண்ணை எடுக்காமலேயே மூன்று சொடுக்குகள் திருப்பினேன். 1/2000 நொடி கிடைத்திருக்க வேண்டும். டயல் எதிர்ப்பக்கம் ஓடி 11இல் போய் நின்றது. வேகம் 1/500 நொடியாகச் சரிந்தது. பறவையின் அலகு கூர்மையாக இருக்கிறது, சிறகு இருக்க வேண்டிய இடத்தில் நீலக் கறை மட்டும் இருக்கிறது. அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை.

ஆயினும் உண்மையான இழப்பு அந்த ஒரு படம் அல்ல. நண்பரின் கேள்விக்குப் பிறகு, கடந்த ஓராண்டில் எடுத்த படங்களை அபர்ச்சர் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஏறத்தாழ 6,000 படங்களில் 4,700 படங்கள் 5.6இல் எடுக்கப்பட்டிருந்தன. 2015ஆம் ஆண்டுப் படங்களில் 2.8 முதல் 11 வரை எல்லா எண்களும் பரவலாக இருந்தன. முகங்களுக்கு ஒன்று, நிலக்காட்சிக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்த கையை அவற்றில் காண முடிந்தது. டயலோடு மல்லுக்கட்டுவதைத் தவிர்ப்பதற்காக நானே என்னை அறியாமல் ஓர் எண்ணில் தங்கிவிட்டிருக்கிறேன். பின்னணி கரைய வேண்டிய படத்தில் செடிகொடிகள் குறுக்கே நிற்கின்றன. தொலைவு வரை துலங்க வேண்டிய படத்தில் பின்புலம் மங்கிக் கிடக்கிறது. பழுதுக்குப் பழகிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில் என் படங்கள்தாம் அதற்கு ஏற்ப மாறியிருந்தன. இதைக் கண்ட அன்று வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை.

ஷட்டருக்காகக் கேமராவைக் கொடுத்தபோது டயலைப் பற்றியும் எழுதியே கொடுத்திருந்தேன். திரும்பி வந்த தாளில் "சுத்தம் செய்யப்பட்டது" என்று இருந்தது. இரண்டு வாரங்கள் ஒழுங்காக இயங்கியது, பிறகு பழையபடி ஆனது. தனியே விசாரித்ததில், அந்த மாடலின் டயல் தொகுதி இனி வராது என்று சொன்னார்கள். உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்த பொருளுக்கு உதிரிபாகம் இல்லாமல் போவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஷட்டரை மாற்றுவதற்கு முன்பே அதைச் சொல்லியிருந்தால், அந்தச் செலவை நான் ஏற்றிருக்கவே மாட்டேன். அதைச் சொல்லாமல் விட்டது தவறு என்றே கருதுகிறேன்.

புதியதற்குப் போவதில் எனக்கிருந்த தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கேனானும் நிக்கானும் 2018இல் முழுச்சட்டக (பெரிய சென்சார் கொண்ட) மிரர்லெஸ் கேமராக்களை, அதாவது உள்ளே கண்ணாடி இல்லாதவற்றை, கொண்டுவந்த பிறகு, புதிய முதலீடு எல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. அடாப்டர் எனும் இணைப்பு வளையம் வழியாகப் பழைய லென்ஸ்கள் பொருந்தும் என்பது உண்மையே. ஆனால் உள்ளே மோட்டார் இல்லாமல் கேமராவின் மோட்டாரை நம்பியிருந்த லென்ஸ்களுக்குப் பெரும்பாலான அடாப்டர்களில் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது. நண்பர் தன் லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும், ஏனெனில் கேமராவின் விலையைவிட அந்தக் கணக்குதான் பல நேரங்களில் பெரிதாகிவிடுகிறது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி உயிருள்ளவற்றை எடுப்பவர்களுக்குப் பெரும் உதவி. அதை இரவல் கேமரா ஒன்றில் நானே பார்த்தேன். பேட்டரி மட்டும் பழைய கேமரா அளவுக்கு நீடிக்கவில்லை, கூடுதலாக ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும்.

சென்சார், வியூஃபைண்டர், பேட்டரி, ஷட்டர் எல்லாம் நன்றாக இருக்கும் கேமராவைத்தான் நான் மாற்றப்போகிறேன். நண்பருக்கும் அதையே எழுதினேன்: உங்கள் டயல் சரியாகச் சுழன்றால் ஷட்டரை மாற்றிக்கொண்டு தாராளமாக வைத்திருங்கள், டயல் தடுமாறுகிறது என்றால், உதிரிபாகம் கைக்கு வரும் என்று உறுதி கிடைக்காமல் ஷட்டருக்குச் செலவழிக்காதீர்கள். புதிய ஷட்டர் வீணாகிவிடாது. முக்காலியில் நிறுத்தி, அளவுகளை ஒருமுறை அமைத்துவிட்டு இரவு வானத்தை மணிக்கணக்கில் எடுப்பதற்கு டயலைத் தொடவே வேண்டியதில்லை. பழைய கேமரா இனி அந்த வேலையைச் செய்யும். அடுத்த வாரம் கடைக்குப் போகிறேன். எந்தக் கேமராவைக் கையில் எடுத்தாலும், திரையைப் பார்ப்பதற்கு முன் டயலை இரு பக்கமும் சுழற்றிப் பார்ப்பேன்.